உறுதிப்பூசுதல் வாங்கிய பிறகும் வளராமலே இருக்க முடியுமா? – விசுவாச முதிர்ச்சி பற்றி ஓர் இழை

தங்கச்சிமடம் மறைக்கல்வி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். இயேசுவுக்கே புகழ்.

எங்கள் பங்கில் உறுதிப்பூசுதலுக்கு, அதாவது திருமுழுக்குக்குப் பிறகு எண்ணெய் பூசித் தூய ஆவியின் கொடைகளைத் தரும் அருளடையாளத்துக்கு, பிள்ளைகளைத் தயாரிக்கிறேன். பெரும்பாலும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். தூய ஆவியின் ஏழு கொடைகளைக் கேட்டால் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். பன்னிரண்டு கனிகளைக் கேட்டாலும் தடுமாற மாட்டார்கள். போன ஞாயிறு ஒரு பெண் பிள்ளை எழுந்து நின்று, "டீச்சர், உறுதிப்பூசுதல் வாங்கினால் விசுவாசத்தில் பெரியவர்கள் ஆகிறோம் என்று சொன்னீர்கள். அதை வாங்கியவர்கள்தான் எங்கள் தெருவில் எல்லாரும். மீன் ஏலத்தில் அவர்கள் போடும் சண்டையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே" என்று கேட்டாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பதில் வேண்டும் என்ற முகத்தோடு நின்றாள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று உட்கார வைத்தேன்.

அவளுக்கு மனப்பாடப் பதில் கொடுக்க எனக்கு மனமில்லை. ஒருவர் விசுவாசத்தில் வளர்ந்திருக்கிறார் என்பதை எதைக் கொண்டு அறிவது? வயதா, பக்தி முயற்சியா, விவிலிய அறிவா?

இதோடு என் சொந்தக் கேள்வியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இளையோர் குழுவில் இருந்த நாள்களில் நற்கருணை ஆராதனையில் உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது. கண்ணீர் தானாக வரும். இப்போது அதே இடத்தில் அதே மன்றாட்டுகளைச் சொல்கிறேன், உள்ளே வறட்சியாக இருக்கிறது. செபத்தை விடவில்லை, ருசிதான் இல்லை. இது பின்வாங்குவதா, வேறு ஏதாவதா? சபை வேறுபாடு பார்க்காமல் எல்லாரும் எழுதுங்கள்.

மண்டபம் விசுவாசி

சகோதரிக்குக் கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். ஒளிவு மறைவில்லாமல் கேட்டீர்கள், நானும் அப்படியே சொல்கிறேன். வெளிப்படுத்தின விசேஷம் 2ஆம் அதிகாரத்தில் எபேசு சபையிடம் ஆண்டவர் கண்ட குறை இதுதான். உழைப்பு இருக்கிறது, பொறுமை இருக்கிறது, கள்ள அப்போஸ்தலரைச் சோதித்துக் கண்டுபிடிக்கும் விவரமும் இருக்கிறது. ஆதி அன்பு மட்டும் போய்விட்டது. வறட்சிக்கு முதிர்ச்சி என்று பெயர் வைத்துவிட்டால், பிறகு அதிலிருந்து வெளியே வரவேண்டும் என்ற எண்ணமே வராது. அனலற்றுப் போனவர்கள் உபவாச ஜெபத்தில் அமர்ந்து, மறுபடியும் நிறைந்து எழுந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடையாளமே தெரியாத வளர்ச்சியை நான் நம்புவதில்லை.

ராமநாதபுரம் ஓய்வுநாள் பள்ளி

மண்டபம் சகோதரர் சரியான வசனத்தைத்தான் எடுத்தார். அடுத்த வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எங்கிருந்து விழுந்தாய் என்று நினைத்துப் பார், மனந்திரும்பு என்று சொன்ன கையோடு, ஆதியில் செய்த கிரியைகளைச் செய் என்கிறார். ஆதியில் அடைந்த உணர்ச்சியை மறுபடியும் தேடிப் பிடி என்று அங்கே இல்லை. டீச்சர் கிரியையை விடவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

அந்தப் பெண் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். அவள் கேட்டது பவுல் கேட்டதேதான். கொரிந்து சபையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நிருபத்தின் முதல் அதிகாரத்திலேயே அவர்கள் எந்த வரத்திலும் குறைவில்லாதவர்கள் என்று எழுதுகிறார். அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம், அறிவு, பேச்சு எல்லாம் அங்கே ஏராளம். 3ஆம் அதிகாரத்துக்கு வந்தால் அதே ஆட்களைக் குழந்தைகள் என்கிறார். பால்தான் கொடுக்க முடிந்தது, பலமான ஆகாரம் உங்களுக்குத் தாங்காது என்கிறார். அவர் காட்டும் காரணம் பொறாமையும் வாக்குவாதமும். நான் பவுல் பக்கம், நான் அப்பொல்லோ பக்கம் என்று கட்சி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 6ஆம் அதிகாரத்தில் சகோதரன்மேல் சகோதரன் வழக்குப் போடுகிறான். 11ஆம் அதிகாரத்தில் இன்னும் மோசம்: கர்த்தருடைய பந்திக்குக் கூடிய இடத்தில் இருப்பவன் முந்திச் சாப்பிட்டுவிடுகிறான், இல்லாதவன் பசியோடு பார்த்துக்கொண்டிருக்கிறான். 13ஆம் அதிகாரத்தை நாம் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கிறோம். பவுல் அதை எழுதியது மணமக்களுக்கு அல்ல, இந்தச் சண்டைக்காரர்களுக்கு.

ஆகவே ஏலத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்து முதிர்ச்சியை அளக்கும் அந்தப் பிள்ளை தவறான அளவுகோலை எடுக்கவில்லை. அவளிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

எபிரெயர் 5ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களும் இங்கே பொருந்தும். காலத்தைப் பார்த்தால் இந்நேரம் போதகராகியிருக்க வேண்டியவர்களுக்கு மறுபடியும் அரிச்சுவடி சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அங்கே ஆதங்கப்படுகிறார். எத்தனை காலம் சபையில் இருக்கிறோம் என்பது கணக்கில்லை. தேறினவர்கள் யார் என்றால், நன்மை தீமையைப் பிரித்தறியப் பழகிப் பழகிப் பயிற்சி பெற்றவர்கள். பயிற்சி என்று சொல்லிவிட்டதால் ஒரே நாள் இரவில் நடக்கிற காரியம் அல்ல என்பதும் தெளிவு.

மண்டபம் விசுவாசி

ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதே கொரிந்தியர் முதல் நிருபத்தில் 14ஆம் அதிகாரத்தின் முதல் வசனம் அன்பை நாடச் சொல்லிவிட்டு, ஞான வரங்களையும் விரும்பச் சொல்கிறது. கொரிந்தியர் வரங்களைத் தவறாகக் கையாண்டார்கள் என்பதற்காக வரமே வேண்டாம் என்று பவுல் முடிக்கவில்லை. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பாம்பன் தென்கடல்

நான் வேதம் படித்தவன் இல்லை. கடலுக்குப் போய் ஓய்ந்தவன். பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் நாட்டுப்படகு வைத்திருந்த ஒருவர் இருந்தார், இறந்துவிட்டார். கோயிலில் பின்வரிசைத் தூண் பக்கம்தான் நிற்பார். கொடியேற்றத்திலோ சப்பரம் தூக்குவதிலோ முன்னால் வந்து நிற்கிற ஆள் இல்லை. மீன் விற்ற பணம் கைக்கு வந்ததும் கரையில் படகு நிழலில் சாக்கை விரித்து உட்காருவார். டீசல், ஐஸ், அரிசி பருப்புச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கு பிரிக்க வேண்டும். காய்ச்சலிலோ மஞ்சள் காமாலையிலோ படுத்து அன்று கடலுக்கு வராதவன் இருந்தால், அவன் பங்கை முதலில் எடுத்து ஒரு சிப்பியை அதன்மேல் வைத்துவிடுவார். பிறகுதான் வந்தவர்களுக்கு எண்ணுவார். படகுப் பங்கு, வலைப் பங்கு என்று தனக்கு வருவதைக் கடைசியில் எடுப்பார். மீன்பாடு குறைந்த நாளில் அந்தக் கடைசியில் ஒன்றும் இருக்காது. சிப்பிக்கு அடியில் இருக்கிற பணம் மட்டும் குறையாது. வந்தவர்களில் சிலர் முணுமுணுப்பார்கள், "வராதவனுக்கு எதற்கு?" என்று. அவர் பதில் பேச மாட்டார். கோபப்படவும் மாட்டார். முணுமுணுத்தவனுக்கு உடம்புக்கு வந்தபோதும் அதே சிப்பி.

எங்கள் பங்கில் தியானம் கொடுத்த குருக்கள் பலர் பேசியதை மறந்துவிட்டேன். அந்தச் சிப்பி மறக்கவில்லை.

இன்னொன்று. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வருமானம் நின்று, வாங்கிய முன்பணம் கழுத்தை நெரிக்கும் அந்த நாள்களில் ஒருவன் வீட்டில் மனைவி பிள்ளைகளிடம் எப்படிப் பேசுகிறான் என்று பாருங்கள். திருவிழாவில் தெரியாதது அப்போது தெரியும்.

மூக்கையூர் செவிலியர்

டீச்சர், உங்கள் இரண்டாவது கேள்வியை யாரும் முழுதாகத் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

செபத்தில் வரும் வறட்சி பற்றி நம் திருச்சபையில் மிகத் தெளிவாக எழுதியவர் ஸ்பெயின் நாட்டுத் துறவி, சிலுவையின் புனித யோவான். அவர் வசதியான இடத்தில் உட்கார்ந்து எழுதியவர் அல்லர். சொந்தச் சபைத் துறவிகளே அவரை 1577 டிசம்பரில் பிடித்துக்கொண்டுபோய் டொலேடோ நகரில் ஓர் இருட்டறையில் அடைத்தார்கள். அடுத்த ஆகஸ்டில் தப்பித்து வெளியே வந்தார். கடவுளிடமிருந்து வரும் வறட்சிக்கும் நம் அசட்டையால் வரும் வறட்சிக்கும் வேறுபாடு காண மூன்று அடையாளங்கள் சொல்கிறார். இறைக் காரியங்களில் ருசி இல்லாதபோது உலகக் காரியங்களிலும் ருசி இல்லாமல் இருக்கும். கடவுளுக்குச் சரியாகப் பணி செய்யவில்லையோ என்ற கவலை உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். முன்புபோல் கற்பனை செய்து தியானிக்க முயன்றாலும் முடியாது. இரண்டாவது அடையாளத்தைக் கவனியுங்கள். வெதுவெதுப்பாகிவிட்ட ஆளுக்கு அந்தக் கவலையே வராது. நீங்கள் இந்த இழையைத் தொடங்கியதே கவலையால்தான்.

அன்னை தெரசா கல்கத்தாவில் பணி தொடங்கிய காலத்திலிருந்து பல பத்தாண்டுகள் கடவுளின் அருகாமையை உணராமல் வாழ்ந்தார். அவர் தன் ஆன்ம வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007இல் நூலாக வெளிவந்தபோது உலகத்துக்கு அது பரவலாகத் தெரிந்தது. அவ்வளவு காலமும் காலை செபத்துக்கு எழுந்தார், தெருவில் கிடந்தவர்களைத் தூக்கினார். இதைக் கேட்டு எனக்குப் பயம் வரவில்லை, ஆறுதல்தான் வந்தது.

இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் தரும் ஒரு விதி நடைமுறைக்கு மிகவும் உதவும். மனம் வறண்டிருக்கும் நாள்களில் முன்பு தெளிவோடு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்கிறார். செபத்தை நிறுத்துவதோ, மறைக்கல்விப் பொறுப்பை விடுவதோ இப்போது முடிவு செய்கிற காரியங்கள் அல்ல.

ஒரு செவிலியராக இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூக்கம் கெடுகிறது, பசி இல்லை, எதற்கெடுத்தாலும் அழுகை, உயிர் வாழ்வதே பாரம் என்ற நிலை இருந்தால் அதைச் செப வறட்சி என்று மட்டும் எண்ணி இருந்துவிடாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். பெண்கள் இரத்தசோகையோடு நடமாடிக்கொண்டே, தன் விசுவாசம் குறைந்துவிட்டது என்று அழுவதைப் பார்த்திருக்கிறேன். உடம்பும் ஆண்டவர் கொடுத்ததுதான்.

தங்கச்சிமடம் மறைக்கல்வி

அக்கா, தூக்கமும் சாப்பாடும் நன்றாக இருக்கின்றன. அந்த இரண்டாவது அடையாளத்தைப் பலமுறை படித்தேன். நன்றி.

தொண்டி கல்லூரி மாணவர்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பாம்பன் தாத்தா சொன்ன படகுக்காரரைப் போன்றவர்கள் எங்கள் தெருவில் முஸ்லிம் வீடுகளிலும் இருக்கிறார்கள். ரமலானில் யாருக்கும் தெரியாமல் அரிசி மூட்டை இறக்கிவிட்டுப் போகிறவரை எனக்குத் தெரியும். நல்ல மனிதனாக இருப்பதுதான் முதிர்ச்சி என்றால் கிறிஸ்து எதற்கு? இதை வம்புக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

ராமநாதபுரம் ஓய்வுநாள் பள்ளி

தம்பி, வம்பு என்று யாரும் நினைக்க மாட்டார்கள். அந்த அரிசி மூட்டைக்காரரின் நன்மையை நான் ஒரு குன்றிமணியும் குறைத்துச் சொல்ல மாட்டேன். நல்ல சமாரியன் கதையில் ஆண்டவரே வேற்றுச் சமூகத்து ஆளைத்தான் முன்மாதிரியாக நிறுத்தினார்.

ஆனால் கிறிஸ்தவ வளர்ச்சி எதிலிருந்து புறப்படுகிறது என்பது வேறு. நான் நல்லவன் என்று நிரூபிக்க அது நடப்பதில்லை. மன்னிக்கப்பட்டவன் நான் என்ற இடத்திலிருந்து நடக்கிறது. யோவான் 15இல் ஆண்டவர் கொடியைச் சொல்கிறார். கொடி பாடுபட்டுப் பழத்தைப் பிதுக்கித் தள்ளுவதில்லை, செடியில் நிலைத்திருக்கிறது. மாற்கு 4இல் விதைத்தவன் இரவில் தூங்கிப் பகலில் எழுகிறான், அவனுக்குத் தெரியாமலே பயிர் வளர்கிறது. நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் பனையைச் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும். கொட்டை போட்டவன் மண்ணுக்கு மேலே ஒன்றும் காணாமல் பொறுத்திருக்க வேண்டும். வடலியாகி, பாளை விட்டுப் பதநீர் தரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். நட்டவனுக்கு அவசரம் இருந்து பயனில்லை.

பிலிப்பியர் 3ஐயும் படித்துப் பாருங்கள். நான் அடைந்தாயிற்று என்று எண்ணவில்லை, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று சிறையில் இருந்துகொண்டு எழுதுகிறார் பவுல். சொல்லிவிட்டு, நம்மில் தேறினவர்கள் எல்லாரும் இந்தச் சிந்தையாகவே இருப்போம் என்கிறார். அப்படியென்றால் தேறினவன், தான் இன்னும் சேரவில்லை என்று அறிந்தவன். நான் பூரணப்பட்டுவிட்டேன் என்று மேடையில் சாட்சி சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கவலைதான் வருகிறது.

ஓரியூர் யாத்திரிகர்

நம் மண்ணிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. ஓரியூர் செம்மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு வருகிறோம். அங்கே தலை கொடுத்தவரின் வாழ்க்கையைப் படிக்கிறவர்கள் குறைவு.

புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) என்ற இயேசு சபைக் குரு 1647இல் லிஸ்பனில் பிறந்தவர். போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசர்களோடு வளர்ந்தவர். மறவ நாட்டில் 1686இல் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். இனி இந்த நாட்டில் போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு விடுவிக்கப்பட்டார். பிறகு இயேசு சபை அலுவலாக ஐரோப்பா அனுப்பப்பட்டார். அங்கே போர்ச்சுகல் அரசர் அவருடைய பால்யத் தோழர். இங்கேயே இருந்துவிடுங்கள் என்று கேட்டார். மரியாதை, பாதுகாப்பு, உயர்ந்த பணி எல்லாம் காத்திருந்தன. வேண்டாம் என்று சொல்லி மறுபடியும் இந்தக் கரைக்கே வந்தார். மறவ நாட்டு மன்னர் கிழவன் சேதுபதியின் ஆட்சியில் மறுபடியும் பிடிபட்டு, 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் பாம்பாற்றங்கரையில் வெட்டப்பட்டார். அன்று சாம்பல் புதன். முந்தின நாள் சிறையில் உட்கார்ந்து கடிதம் எழுதியிருக்கிறார்.

முதல் முறை வந்தபோது இளமை வேகம் என்று சொல்லிவிடலாம். அடி எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரிந்த பிறகு இரண்டாம் முறை வந்தாரே, அதைத்தான் நான் முதிர்ச்சி என்பேன்.

மண்டபம் அருகே வேதாளையிலும் இதைப் போன்ற ஒரு சாட்சி உண்டு. அந்தோணி கிரிமினாலி என்ற இளம் குரு 1549இல் அங்கே படை வந்தபோது, பெண்களையும் பிள்ளைகளையும் படகேற்றி அனுப்பிவிட்டுத் தான் கரையில் நின்று கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் மறைசாட்சி அவர். அப்போது இஞ்ஞாசியார் உரோமையில் உயிரோடு இருந்தார்.

வேர்க்கோடு வாசகி

யாத்திரிகர் அண்ணனுக்கு ஒரு கேள்வி. அருளானந்தர் கொல்லப்படக் காரணம் மறவ நாட்டுத் தலைவர்களில் ஒருவரான தடியத் தேவரின் மனமாற்றம். திருமுழுக்குப் பெற முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்ட இளையவர் சேதுபதிக்கு உறவுப் பெண். அவர் முறையிட்டதால் வந்த வினை இது. ஓரியூரில் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் அந்தப் பெண் கெட்டவளாகவே வந்துபோகிறாள். ஒருநாள் காலையில் தன் வாழ்க்கை முடிந்துபோனதாக அறிந்த ஒரு பெண் அவள். புனிதரை நான் குறை சொல்லவில்லை. வளர்ந்த விசுவாசத்துக்கு அவள் பக்கத்தையும் பார்க்கிற கண் வேண்டும் என்கிறேன்.

என் அம்மா சின்னப்பாலம் பக்கம் கடலில் முங்கிக் கடல்பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணிச்சுற்று, முகத்தில் கண்ணாடி, இடுப்பில் பை. பாறையில் கை கிழியாத நாள் இல்லை. அவரைப் பற்றி ஊரெல்லாம் அவதூறு பேசிய ஒரு பெண்ணும் அதே படகில் வருவார். ஒருநாள் கடலில் அந்தப் பெண்ணின் கண்ணாடி உடைந்துவிட்டது. கண்ணாடி இல்லாமல் முங்க முடியாது. அன்றைய கூலி போயிற்று. அம்மா பாதி நேரம் தான் முங்கிவிட்டு, மீதி நேரத்துக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படகில் உட்கார்ந்திருந்தார். ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "அவளும் அடுப்பு மூட்ட வேண்டுமே" என்றார். மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன். "அது இன்னும் ஆகவில்லை. ஆகும்" என்றார்.

ஓரியூர் யாத்திரிகர்

தங்கச்சி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெண்ணுக்காக ஓரியூரில் ஒரு மன்றாட்டாவது சொல்லலாம். இதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மூக்கையூர் செவிலியர்

"அது இன்னும் ஆகவில்லை. ஆகும்." இதைவிட உண்மையான மன்னிப்பு வகுப்பை நான் கேட்டதில்லை. டீச்சர், பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். மனம் ஒத்துவருவதற்கு முன்பே கை கொடுத்துவிடலாம் என்று தெரிந்தால் அவர்களுக்கு எவ்வளவோ பாரம் குறையும்.

பாம்பன் தென்கடல்

பேச வேண்டாம் என்றிருந்தேன். எல்லாரும் உண்மை பேசுவதால் நானும் பேசுகிறேன்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போயிருந்தபோது, மாலையில் சிலுவைப்பாதை நடந்தது. எனக்கு முன்னால் முழந்தாளிட்டவர் இலங்கையின் நெடுந்தீவுக்காரர். அவருக்கும் கடல்தொழில். எனக்கும் அவருக்கும் ஒரே பாட்டு, ஒரே செபம், ஒரே தமிழ். இரவு மணலில் பக்கத்தில் படுத்திருந்தோம். தொழில் எப்படி என்று கேட்டேன். வலை போய்விட்டது, விசைப்படகு இழுத்துப்போகும் இழுவைமடி வலை வாரிக்கொண்டு போய்விட்டது, கடன் வாங்கிப் போட்ட வலை என்றார். எந்த ஊர்ப் படகு என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. இருவருக்கும் தெரியும். காலையில் திருப்பலியில் சமாதானம் சொல்லும் நேரத்தில் திரும்பி என் கையைப் பிடித்தார்.

அந்தக் கையை வைத்துக்கொண்டு நாம் முதிர்ச்சி பற்றிப் பேச வேண்டும்.

ராமேஸ்வரம் விசைப்படகு

அண்ணன், உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். 1974இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே கடல் எல்லைக் கோடு போட்டபோது எங்களை யாரும் கேட்கவில்லை. கோடு பக்கத்தில் வந்துவிட்டது. இந்தப் பக்கம் பாறை. எங்கள் பிள்ளைகள் யாழ்ப்பாணத்துச் சிறையில் கிடக்கிறார்கள். பிடித்துக்கொண்டு போன படகுகள் அங்கே கரையில் இற்றுப்போகின்றன. ஒரு படகு போனால் ஒரு குடும்பம் மட்டுமா போகிறது? அதில் வேலை செய்தவர்களின் வீடுகளும் சேர்ந்து போகின்றன. மடியை விட்டுவிட்டு ஆழ்கடலுக்குப் போகச் சொல்லி 2017இல் திட்டம் கொண்டுவந்தார்கள். அந்தப் படகுக்கான கடனை எல்லாராலும் தூக்க முடியாது. 2024இல் கைதுகளைக் கண்டித்துக் கச்சத்தீவு திருவிழாவுக்கே நாங்கள் போகவில்லை. போகாமல் இருந்தது எங்களுக்கு எவ்வளவு வலி என்று அந்தோணியாருக்குத் தெரியும். முதிர்ச்சி என்ற கணக்கை எப்போதும் நொந்தவனிடமே கேட்பது நியாயமா?

ராமநாதபுரம் ஓய்வுநாள் பள்ளி

நியாயம் இல்லை. அரசுகளிடமும், கடன் கொடுத்தவர்களிடமும், மீனை வாங்கி ஏற்றுமதி செய்கிறவர்களிடமும் கேட்க வேண்டிய கணக்கு நிறைய இருக்கிறது. உங்கள்மேல் நடந்ததை யாரும் சிறிதாக்க முடியாது.

ஆனாலும் எபிரெயர் நிருபம் சொல்லும் அந்தப் பயிற்சி இப்படிப்பட்ட இடத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன். நன்மை ஒரு பக்கமும் தீமை மறுபக்கமும் தெளிவாகக் கிடந்தால் குழந்தையும் பிரித்துவிடும். தனக்கு அநியாயம் நடந்திருக்கும்போதே, தன்னால் இன்னொருவனுக்கு நடந்ததையும் பார்க்க முடிவது பெரியவர்களுக்கு உரிய ஆகாரம். லூக்கா 19இல் வரும் ஆயக்காரன் சகேயு, வரி வசூலிக்கும் முறையை மாற்றிய பிறகு வருகிறேன் என்று சொல்லவில்லை. உரோம அரசு அப்படியே இருந்தது. அவன் தன் கையில் இருந்ததிலிருந்து, தான் யாரிடம் எடுத்தானோ அவர்களுக்கு, நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான்.

மண்டபம் விசுவாசி

ஐயா சொன்னதற்கு ஆமென். பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்று மத்தேயு 5இல் இருக்கிறது. உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அங்கே எழுதவில்லை. அவனுக்கு உன்மேல் குறை இருந்தால் என்றுதான் எழுதியிருக்கிறது. ராமேஸ்வரம் சகோதரருக்காகவும், சிறையில் இருக்கும் பிள்ளைகளுக்காகவும் இன்று எங்கள் கூட்டத்தில் ஜெபிக்கிறோம்.

தங்கச்சிமடம் மறைக்கல்வி

நாளை வகுப்பு. எழுதியவர்கள் எல்லாருக்கும் என் நன்றி. என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தையும் கட்டளைகளையும் தமிழில் மனப்பாடம் செய்ய வைத்தார். அதை நான் குறைவாக எண்ணவில்லை. நம் விசுவாசம் அங்கேதான் தொடங்கியது. ஆனால் அவருக்குப் பின்னால் வந்த அன்றிக் அடிகளார் தமிழை இலக்கணத்தோடு கற்று, 1578இல் தம்பிரான் வணக்கம் என்ற மறைக்கல்வி நூலை அச்சில் கொண்டுவந்தார். ஒப்பித்தவர்கள் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் அவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார். என் பிள்ளைகளும் கொடைகளை ஒப்பிக்கட்டும், அதை நிறுத்தப் போவதில்லை.

அந்தப் பெண் பிள்ளையிடம், நீ கேட்டது பவுல் கேட்ட கேள்வி என்று எல்லார் முன்னும் சொல்வேன். கொரிந்தியர் முதல் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தை அவளையே வாசிக்கச் சொல்வேன். எண்ணெய் பூசப்படுவது பெரியவர்கள் ஆகிவிட்டதற்குச் சான்றிதழ் அல்ல, வளர்வதற்கான பலம் என்று விளக்குவேன். பிறகு ஒரு கேள்வியை நான் அவளிடம் கேட்கப் போகிறேன்: உன் தெருவில் சண்டை போடாத ஒருவர், அல்லது போட்ட பிறகு முதலில் போய்ப் பேசுகிற ஒருவர் யார்? யாராவது ஒருவர் இருப்பார். அவரிடம் போய், எப்படி முடிகிறது என்று கேட்டு வரச் சொல்லப் போகிறேன்.

தவக்காலம் முழுவதும் இரவில் படுக்கும் முன் இஞ்ஞாசியார் சொன்ன ஆன்ம சோதனையைச் செய்யப் பழக்குவேன். பிள்ளைகளுக்கு ஏற்றபடி சுருக்கமாக: இன்று ஆண்டவர் எனக்கு எதைக் கொடுத்தார், இன்று என்னால் யாருக்கு வலித்தது, நாளை முதலில் யாரிடம் போக வேண்டும். எழுதித் தரச் சொல்ல மாட்டேன். மதிப்பெண் கிடையாது. நானும் அவர்களோடு செய்வேன், ருசி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

வேர்க்கோடு தங்கச்சி, உங்கள் அம்மா வகுப்புக்கு ஒருநாள் வருவாரா? பேச வேண்டாம் என்றால் சும்மா உட்கார்ந்திருந்தாலும் போதும்.

வேர்க்கோடு வாசகி

கேட்டேன். பாசிக்குப் போகாத நாளாகப் பார்த்து வருகிறேன் என்றார். பேசவும் செய்வாராம்.

ராமேஸ்வரம் விசைப்படகு

கைது பற்றியும் படகுகள் பற்றியும் நான் எழுதியதில் ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. அது அப்படியே நிற்கட்டும்.

பாம்பன் அண்ணன், அந்த நெடுந்தீவுக்காரரின் பெயர் உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். இங்கே எழுத வேண்டாம், எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். இந்த ஆண்டு திருவிழாவுக்குப் பெயர் கொடுக்கப் போகிறேன். வலையாகக் கொண்டுபோனால் சுங்கத்தில் விட மாட்டார்கள். பணமாகக் கொடுக்க வழி இருக்கிறதா, அங்குள்ள பங்குத்தந்தை மூலமாகச் சேர்க்கலாமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சங்கத்தில் இன்னும் இருவரிடம் பேசியிருக்கிறேன். ஒருவர் சரி என்றார். இன்னொருவர் யோசிக்கிறார்.